கடல் கடந்து வந்த கண்ணியக் குரல்

அறுபது, எழுபதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் புறப்பட்ட தொழிலாளர் வீடுகளில், கடிகாரத்தின் பணியையும் வானொலியே செய்தது. சென்னை நிலையத்தோடு இலங்கை வானொலியும் அங்கே ஒலித்தது. ‘பொங்கும் பூம்புனல்’ முடிவதற்குள் கணவரின் சாப்பாட்டுப் பாத்திரம் தயாராகிவிட வேண்டும் என்பது இல்லத்தரசிகளின் கணக்கு.

அந்த வானலையில் தமிழகம் தன் வீட்டுப் பிள்ளையாய் ஏற்றுக்கொண்ட குரல்களுள் ஒன்று, கொழும்பைச் சேர்ந்த பி.எச். அப்துல் ஹமீதுடையது. சிறுவர் நிகழ்ச்சி வழியாக வானொலிக்குள் நுழைந்த அவர், அறிவிப்பாளராக உயர்ந்தார். லகர, ழகர, ளகரங்கள் பிசகாத உச்சரிப்பும், நேயர்பால் காட்டிய மரியாதையும் அவருடைய முதலீடு.

அவர் சிறந்த குரல் நடிகரும் ஆவார். வானொலியில் புகழ்பெற்று, 1976-இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்த நகைச்சுவை நாடகத்தில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை ஏற்றவர் ராமதாஸ். ஐயராக நடித்தவரோ நம் அப்துல் ஹமீது! ஒருவர் பேச்சை மற்றவர் காதால் கற்று, மனம் புண்படாமல் பேசிச் சிரிக்கவைத்தனர். அடுத்த வீட்டாரின் மொழியை அன்போடு கேட்டவருக்கே இது கைகூடும்.

அந்த நல்லிணக்கத்தின்மீது 1983 ஜூலைக் கலவரம் இடியாய் விழுந்தது. அப்துல் ஹமீதும் கொல்லப்பட்டுவிட்டார் என்ற வதந்தி பரவியது. அல்லாஹ்வின் அருளால் அது பொய்யாயிற்று. பின்னர் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியோடு அவர் தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்தார். 2000-இல் வெளியான ‘தெனாலி’ படத்திற்காகக் கமல்ஹாசனுக்கு ஈழத்தமிழ் உச்சரிப்பில் உதவியவரும் அவரே.

திரைப்பாடல் குறித்து நம்மிடையே மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால், நாவைப் பேணிய அவருடைய ஒழுக்கத்தில் நமக்குப் பாடம் உண்டு. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளுள் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் ஒன்றெனத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. குரலும் ஓர் அமானிதமே.

ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம், நாளிதழின் ஒரு பத்தியை அவர்கள் உரக்க வாசிக்கட்டும். அத்தாவும் அம்மாவும் அருகிருந்து கேட்கட்டும். திருத்தமான பேச்சு அந்தச் சின்ன வாசிப்பில்தான் தொடங்குகிறது.