பயாப்சி ரிப்போர்ட் எங்கே?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் 'ஆர்.சி.சி.' என்பதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அது. கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் ஒரு பெண் அந்தப் படியேறும் அவசியம் வரவே கூடாது. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, செல்கள் மாறி, புற்றாக முற்றப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகிறது. இவ்வளவு அவகாசம் தரும் நோயால்தான் 2020-ல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 77 ஆயிரம் பெண்கள் இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டது.

அந்த மையத்தில் பணியாற்றி, பின்னர் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். அவர் தலைமையில் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனைதான் அதற்குத் தளம். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுக்குள் இருந்த 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் பரிசோதித்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான் சோதனை. ஒரே ஒரு முறை செய்ததற்கும் அதைத் தொடர்ந்த சிகிச்சைக்குமே, அந்தக் கிராமங்களில் இந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஒப்பிடுவதற்கென்று வைத்த கிராமங்களுக்கு அந்தச் சோதனை கிடைக்கவில்லை. அது நியாயமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

இதே ஆய்வில் இன்னொரு எண்ணையும் பாருங்கள். 3,088 பேருக்கு 'பாசிட்டிவ்' வந்தது. ஆனால் சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, சோதனை நடந்த கிராமங்களின் 49,311 பெண்களில் 2006 வரை புற்றுநோய் கண்டவர்கள் 167 பேர்தான். பாசிட்டிவ் என்றால் 'இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்' என்று பொருள். புற்றுநோய் என்று பொருள் அல்ல. கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியருக்கும், வைரஸைத் தேடும் எச்.பி.வி. டெஸ்டுக்கும் இதுவே பொருந்தும். அடுத்து கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்திலிருந்து துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் என்று உறுதி சொல்ல வேண்டியது அந்த ரிப்போர்ட். எச்.பி.வி. உடலுறவால் பரவுவது என்பதற்காக, பாசிட்டிவ் வந்த மனைவியையோ அவர் கணவனையோ சந்தேகப்படவும் இடமில்லை. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒட்டி, போகாமல் தங்கிய தொற்றாக அது இருக்கலாம். பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானே போய்விடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. வெள்ளைப்படுகிறது என்று போன பெண்ணிடம் "விட்டால் கேன்சராகிவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்கு நடந்த தேவையற்ற கருப்பை நீக்கங்கள் உச்ச நீதிமன்றம்வரை போயின. அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் 2008-ல் தந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட டெல்லிப் பெண் ஒருவரின் கருப்பையை, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்கான சம்மதம் ஆகாது, உயிர்போகும் அவசரம் இல்லாதபோது தாயின் கையெழுத்தும் போதாது என்றது உச்ச நீதிமன்றம்.

அதனால் கத்தி எடுக்கும் முன் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அவற்றைக் கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருப்பதும் நோயாளியின் உரிமைகள். தவறு நடந்தால், பணம் கட்டிய இடமாயின் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே மருத்துவக் கண்காணிப்பாளரிடமும் மாநில மருத்துவ கவுன்சிலிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் இரத்தம் என்றால் பரிசோதனை முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்திருந்தாலும் நேரே பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குத்தான் ஸ்க்ரீனிங். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் அது வேண்டும். உங்கள் வீட்டில் 30 வயது தாண்டிய அக்காவோ அண்ணியோ அம்மாவோ இதுவரை ஒருமுறைகூடச் செய்துகொள்ளவில்லை என்றால், இந்த மாதமே பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.