கணக்குக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால்...
பேக்கப் மென்பொருள் வாங்குமுன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



முன்பெல்லாம் கடைக் கணக்கு என்றால் சிட்டை, குறிப்பேடு, பேரேடு. மழையில் நனைந்தாலும் வெயிலில் உலர்த்திக் கணக்குப்பிள்ளை எப்படியாவது படித்துவிடுவார். இன்று அந்தப் பேரேடு வீட்டு மேசைக் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பகலில் கடையில் போட்ட பில்லை இரவில் வீட்டில் உட்கார்ந்து டேலியில் ஏற்றுகிறவர்கள் நம்மில் ஏராளம். பிள்ளைகளின் பாடம், கல்யாண வீடியோ, பேரனின் விளையாட்டு எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான். ஒரு நாள் காலையில் அது திறக்க மறுத்தால், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற விவரமே போய்விடும். அதன் பிறகு பாக்கிதாரர் தம் நோட்டைப் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு.

பாக்கி ஒருபுறம் இருக்கட்டும், சட்டமும் இதில் நம்மை விடுவதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் அவற்றை மீட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்வது பதிலாகாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடத்துகிறவர்களுக்கு இன்னும் கடுமை. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகளின்படி அவர்கள் தினந்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் பேக்கப் வைக்க வேண்டும்.

“அதெல்லாம் டி டிரைவில் காப்பி போட்டிருக்கிறேன்” என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு. பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். கூரை இடிந்தால் இரண்டு அறையும்தான் போகும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றை மட்டும் நம்பியிருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிகிறது, இங்கே கெட்டால் அங்கேயும் கெட்டதே போய் உட்காருகிறது. குப்பைத் தொட்டியிலிருந்தும் பழைய பதிப்பிலிருந்தும் மீட்க வழி உண்டு என்றாலும் அதற்குக் கால வரம்பு இருக்கிறது. கண்ணாடி போலப் பிரதிபலிப்பது வேறு, பேக்கப் வேறு.

இரண்டு வகைக் காப்பி

மென்பொருள் வாங்கப் போகுமுன் என்ன வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். ஒன்று, கணக்கு ஃபைல்களின் காப்பி. இதற்குத் தனி மென்பொருளே தேவையில்லை. டேலியிலேயே பேக்கப் வசதி உண்டு. தினமும் கணக்கை மூடும்போது அதைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுத்தால் போதும். கம்பெனி திறந்திருக்கும்போது ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுவது நல்லதல்ல, பாதி எழுதிய நிலையில் காப்பி ஆகிவிடலாம்.

மற்றொன்று, முழு டிஸ்க்கின் அச்சு. இதை இமேஜ் என்பார்கள். விண்டோஸ், டேலி, பில் பிரிண்டரின் டிரைவர், வரி தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையெழுத்துக்கான மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பது. டிஸ்க் செத்துப்போனால் புதிய டிஸ்க்கை மாட்டி மூட்டையை அவிழ்த்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். இமேஜ் இல்லாவிட்டால் விண்டோஸ் போட்டு, பிரிண்டரைத் தேடி, ஒவ்வொன்றாக அமைத்து முடிக்க இரண்டு மூன்று நாட்கள் ஆகும். தீபாவளி வாரத்தில் இந்த மூன்று நாள் என்ன விலை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேக்கப் மென்பொருள் என்று கடையில் விற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

எதை வாங்குவது?

விண்டோஸ் 7 காலத்திலிருந்து விண்டோஸுக்குள்ளேயே ஒரு இமேஜ் வசதி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல் பேனலில் அது இன்னும் தென்படும். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2017ஆம் ஆண்டிலேயே இதைக் கைவிடப்பட்ட வசதிகளின் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவனத்தாரின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. அவசரத்துக்கு உதவும், நிரந்தரமாக நம்ப வேண்டாம்.

சர்வீஸ் ஆட்கள் பலர் இன்றும் ‘கோஸ்ட்’ என்ற பெயரைச் சொல்வார்கள். நியூசிலாந்தில் பிறந்து, 1998ல் சைமன்டெக் வாங்கிய மென்பொருள் அது. நார்டன் கோஸ்ட் விற்பனை 2013ல் நின்றுவிட்டது. இலவசமாகக் கிடைத்து நல்ல பெயரெடுத்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பும் 2024 ஜனவரியோடு முடிந்தது, இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆக்ரோனிஸ் ட்ரூ இமேஜ் ஆண்டுச் சந்தா முறையில் வருகிறது.

காசில்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டைச் சொல்லலாம். வீம் நிறுவனத்தின் விண்டோஸ் ஏஜென்ட் இலவசப் பதிப்பு ஒன்று. மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் கிடைக்கும். தினமும் குறித்த நேரத்தில் தானே ஓடும், முதல் நாள் முழுதும் எடுத்து மறுநாள் முதல் மாறியதை மட்டும் எடுக்கும். மற்றொன்று தைவானில் உருவான குளோன்ஸில்லா. நம்பகமானது, ஆனால் கறுப்புத் திரையில் கேள்வி கேட்டுக்கொண்டே போகும். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் நல்ல டிஸ்க் அழிந்துவிடும் என்பதால், பழகாதவர் தனியே உட்கார்ந்து செய்ய வேண்டாம். வீட்டில் விஷயம் தெரிந்த பிள்ளை இல்லையென்றால் வீம் போதும் என்பது எமது கருத்து.

எதை எடுத்தாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “விண்டோஸே திறக்காத கம்ப்யூட்டரை இதை வைத்து எப்படி எழுப்புவது?” இதற்கென ஒரு பென் டிரைவை மீட்பு டிரைவாக முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதை ஒரு முறை மாட்டி, அதிலிருந்து கிளம்புகிறதா, வெளி டிஸ்க்கைக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது கேள்வி, சந்தா முடிந்துவிட்டால் பழைய பேக்கப்பைத் திறக்க முடியுமா என்பது. ஆறு ஆண்டுக் கணக்கைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அழகான திரை, பத்து வகைப் பொத்தான், வைரஸ் தடுப்பும் சேர்த்து என்று சொல்லி விலை ஏற்றுவதற்கெல்லாம் மயங்க வேண்டாம்.

டிஸ்க் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. உங்கள் கம்ப்யூட்டரில் 200 ஜி.பி. நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யு.எஸ்.பி. 3 துவாரத்தில் மாட்டிய சாதாரண வெளி டிஸ்க்கில் நொடிக்கு 100 எம்.பி. வேகம் என்றாலும் அரை மணிக்கு மேல் ஆகும். பழைய யு.எஸ்.பி. 2 துவாரம் என்றால் இரண்டு மணி நேரம் வரை போகும். அதையே 10 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இணையத்தில் ஏற்றினால் ஏறத்தாழ 44 மணி நேரம். ஆகவே இமேஜ் வெளி டிஸ்க்கில், தினசரி டேலி பேக்கப் மட்டும் இணையத்தில் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். டிஸ்க் எஃப்.ஏ.டி.32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஃபைலை ஏற்காது, என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிக்கொள்ளவும்.

டிஸ்க் இரண்டு வேண்டும். 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வான்னாகிரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒன்று வீட்டில், ஒன்று கடையில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு, இரண்டையும் ஒரே தரைத்தளத்தில் வைப்பதில் என்ன பயன் என்று விளக்க வேண்டியதில்லை.

எடுத்தால் போதுமா?

பேக்கப் எடுப்பதோடு வேலை முடிந்தது என்று இருப்பவர்களுக்கு பிக்ஸார் நிறுவனத்தின் கதை உதவும். 1998ல் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது தவறான கட்டளை ஒன்றால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் அது சரியாகவே பதிவாகவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் கைகொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது டேலி பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா, ரொக்க இருப்பு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரிலேயே செய்துவிட வேண்டாம், இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும். 2011 முதல் மார்ச் 31ஆம் தேதியை உலக பேக்கப் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கும் அன்றுதான் வருஷக் கணக்கு முடிவு. அன்று எடுக்கும் காப்பியை மட்டும் அழிக்காமல் தனியே வைத்துவிடலாம்.

பேக்கப் இல்லாமலே கம்ப்யூட்டர் படுத்துவிட்டதா? சர்வீஸ் ஆள் வந்தவுடன் “ஃபார்மட் பண்ணிடலாம்” என்பார். சம்மதிக்காதீர்கள். விண்டோஸ் கெட்டு, டிஸ்க் நன்றாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியோ, லினக்ஸ் பென் டிரைவில் கிளப்பியோ டேலி ஃபோல்டரை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கும் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தால் கிடைக்க இருந்ததும் கிடைக்காது. மீட்பு மென்பொருளைப் பழுதான அதே டிஸ்க்கில் நிறுவுவதும் ஆபத்து.

கடைசியாக, ஒரு காகித வேலை. டேலியின் சீரியல் எண், அதற்குப் பதிந்த மின்னஞ்சல், பேக்கப்புக்குப் போட்ட பாஸ்வேர்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். கூடவே பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணும் வேண்டும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பழுதான பிறகு அதைத் திறக்க அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் கிடைக்கும். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா, கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.