கோடையில் லிதியம் பாட்டரியைப் பாதுகாக்கும் விதம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தை மாதம் சம்பா நெல் அறுவடையானபின், மானாவாரி மணிலா விதைப்புக்கு ஆனி, ஆடி வரவேண்டும். இடையிலுள்ள ஐந்தாறு மாதங்களும் குடியானவர் பலரிடத்தில் பாட்டரி மருந்துத் தெளிப்பான் வேலையின்றிக் கிடக்கிறது. மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையடியில், ஆணியில் மாட்டியபடியே அது சித்திரை, வைகாசி வெயிலைக் கழிக்கிறது. பிறகு எடுத்து ஓட்டுங்கால் பாதி வயலிலேயே நின்றுவிட, கடைக்காரரை நொந்துகொள்வது வழக்கமாயிருக்கிறது. பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று.

பழைய தெளிப்பான்களிலுள்ள ஈய அமில பாட்டரியை நிறைய மின்சாரம் ஏற்றியே வைக்கவேண்டும். குறையவிட்டால் தகடுகளில் உப்புப் படிந்து கெடும். லிதியம் பாட்டரியின் குணமோ இதற்கு நேர்மாறானது. நிறைய ஏற்றி உஷ்ணத்தில் வைத்தால் அதனுள் இரசாயன மாறுதல் விரைவுபட்டு, கொள்ளளவு நிரந்தரமாய்க் குறையும். 40 டிகிரி உஷ்ணத்தில் ஒரு வருஷம் நிறைவாக வைக்கப்பட்டது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழக்கும். அதே உஷ்ணத்தில் நூற்றுக்கு 40 பங்கு மின்சாரத்தோடு வைக்கப்பட்டது சுமார் 15 பங்கே இழக்கும். 25 டிகிரியில் இந்த நஷ்டம் 4 பங்குதான். நம் பக்கத்துக் கோடையில் 25 டிகிரிக்கு எங்கே போவது! ஆகவே மின்சார அளவையாவது பாதியில் நிறுத்துவதே நம் கைவசமுள்ள உபாயம்.

கடைசியாக மருந்தடித்தபின் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுக. மூன்று கலங்கள் தொடுத்த பாட்டரி நிறைவில் 12.6 வோல்ட் காட்டும், 11.3 அளவு வந்ததும் நிறுத்திவிடலாம். (இரும்பு பாஸ்பேட் வகைக்கு இவ்வெண்கள் பொருந்தா, முறை ஒன்றே.) பின்பு இணைப்புக் கம்பியைக் கழற்றவேண்டும். ஏனெனில், அளவுகாட்டி சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சும். அடியோடு வற்றிய லிதியம் பாட்டரிக்கு மறுபடி மின்சாரம் ஏற்றுவது அபாயகரமானது; உள்ளே செம்பு கரைந்து குறுக்கிணைப்பு உண்டாகக்கூடும். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்து, குறைந்திருந்தால் பாதிவரை ஏற்றுக. ஈய அமில பாட்டரியின் சார்ஜரை இதற்கு உபயோகித்தல் கூடாது.

விதை மணிலாவை உடைக்காமல் காயாகவே உலர்த்தி, வெயில்படாத உலர்ந்த அறையில் காப்பதை இவ்வட்டாரத்தார்க்குச் சொல்லித்தரவேண்டுவதில்லை. பாட்டரிக்கும் அத்தகைய அறையே உகந்தது. ஆயினும் விதை மூட்டையின்மீதோ, வைக்கோலருகிலோ வைக்கலாகாது.

மழைக்காலத்திலும் எச்சரிக்கை தேவை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரைகடந்தபொழுது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய பாட்டரியை வெயிலில் உலர்த்தி மின்சாரம் ஏற்ற முயலவேண்டாம். சில நாள் கழித்தும் அது தீப்பற்றக்கூடும். வீட்டுக்கும் வைக்கோற்போருக்கும் எட்ட, திறந்தவெளியில் வைத்துப் பின்னர் விற்பனையாளரிடம் சேர்ப்பிக்க. 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. எருக்குழியில் எறிவது தகாது.