வதந்திக்கு வழிவிடும் மௌனம்

பென்னலூர் வழியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்பவர்கள், ஷிப்ட் முடியும் நேரத்தில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பார்கள். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் மூழ்கியிருப்பார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்கள், வீட்டோடு பேச எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. இன்று தூத்துக்குடியில் இருக்கும் தாயின் முகத்தை ஹாஸ்டல் அறையிலிருந்தே மகள் பார்த்துப் பேசுகிறாள். இது அல்லாஹ் நமக்கு அளித்த பெரும் வசதி என்பதில் சந்தேகமில்லை.

இந்தப் பகுதிக்கும் கைபேசிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று ஐபோன்களைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை இங்கே இயங்குகிறது. உலகத்தையே பேச வைக்கும் கருவியை உருவாக்கும் இந்த மண்ணில்தான், தகவல் தொடர்பு எப்படிப் பிழையாகும் என்ற பாடமும் நமக்குக் கிடைத்தது.

2021 டிசம்பர் மத்தியில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியிருந்தவர்களுக்கு யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற தெளிவான தகவல் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் சிலர் இறந்துவிட்டதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. 17-ஆம் தேதி இரவு தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். உண்மையில் யாரும் இறக்கவில்லை.

இதில் குற்றம் கைபேசியின் மீது மட்டும்தானா? நிச்சயமாக இல்லை. மரணச் செய்தி பொய். ஆனால் அந்தப் பெண்களின் குறை பொய்யல்ல. சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவாறு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் அறிவித்தது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. சொல்ல வேண்டியவர்கள் மௌனமாக இருந்ததால், சொல்லத் தகுதியற்றவர்கள் பேசினார்கள். சிகிச்சையில் இருந்தவர்களோடு முதல் நாளே ஒரு வீடியோ கால் பேச வைத்திருந்தால், அதே கைபேசி வதந்தியைத் தடுத்திருக்கும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்தவற்றின் காட்சிகள் அவற்றில் கலந்திருந்தன. பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. காவல்துறை மறுத்த பிறகும், ஆயிரம் மைல் தூரத்தில் பதறிய பெற்றோரின் மனம் உடனே ஆறியிருக்குமா?

சூரா ஹுஜுராத்தின் 6-வது வசனம், நம்பத்தகாதவர் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், பனூ முஸ்தலிக் கூட்டத்தார் தர மறுத்ததாகத் தவறான தகவலுடன் திரும்பியதையே இதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். விசாரிக்காமல் இருந்திருந்தால், குற்றமற்ற ஒரு சமூகத்தின் மீது படை சென்றிருக்கும். அன்று செய்தி ஒட்டகத்தில் வந்தது. இன்று ஒரு நொடியில் வருகிறது. விசாரிக்கும் கடமை மட்டும் மாறவில்லை.

வதந்திகளால் உயிர்கள் பறிபோன பிறகு, 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஆனால் அந்த ஐந்தையும் தேர்ந்தெடுப்பது நம் விரல்தான். எனவே மரணம், தாக்குதல், கலவரம் பற்றிய செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம். இதை நேரில் பார்த்தவர் யார்? எங்கே, எப்போது நடந்தது? சம்பந்தப்பட்டவரிடமே போன் செய்து கேட்க முடியுமா? பதில் இல்லையெனில் அந்தச் செய்தி நம்மோடு நின்றுவிடட்டும்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கெட்ட செய்தியானாலும் உண்மையை உடனே சொல்லிவிடுங்கள். மறைக்கப்படும் ஓர் உண்மை, பத்துப் பொய்களுக்கு இடம் கொடுத்துவிடும்.

கேட்டதையெல்லாம் பரப்பாமல், அறிந்ததை மறைக்காமல் வாழும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.