வாடைக் காத்தும் வீட்டுக் கதகதப்பும்



ஊட்டிக்காரங்க இதைப் படிச்சா சிரிப்பாங்க. காட்டுப்பள்ளியில் என்ன பெரிய குளிர்? சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், அதுவும் 1905ஆம் வருஷம் ஜனவரியில். சாதாரண ஜனவரி ராத்திரியில் நம்ம பக்கம் 20, 21 டிகிரி இருக்கும். அதே மாதத்தில் ஊட்டிப் புல்தரையில் உறைபனி உப்பு தூவின மாதிரி கிடக்கும். ஆனாலும் மார்கழி பிறந்தா நம்ம வீட்டுப் பெரியவங்க கால் விறைச்சுப் போய் பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்காங்க. பச்சைக் குழந்தைக்குக் கை கால் ஜில்லுனு ஆகுது. இது பொய்க் குளிர் இல்லை.

காரணம் நம்ம இடத்திலேயே இருக்கு. கிழக்கே கடல், மேற்கே கொசஸ்தலை ஆத்துக் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும். எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் ஈரத்தோடுதான் வரும். மேலே ஷீட்டுக் கூரை. பகலில் கொதிக்கிற அதே ஷீட்டு, ராத்திரியில் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துட்டு, விடிகாலையில் உள்பக்கம் வேர்த்து நம்ம மேலே சொட்டும். கீழே சிமெண்டுத் தரை. இதுக்கு மேல் நம்ம வேலை: மீன் கழுவுறது, துணி துவைக்கிறது எல்லாம் தண்ணியில்தான். ஆத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களைக் கேளுங்க. ஒரே சூட்டில் இருக்கிற காத்தை விடத் தண்ணி சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கும். பக்கத்திலேயே அனல் மின் நிலையம் இருந்தும் அந்தச் சூட்டில் நமக்கு ஒரு குண்டான் தண்ணி கூடக் காயாது!

குளிருக்கு என்ன செய்வீங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருத்தருக்குக் கம்பளி போர்த்தினால்தான் தூக்கம். இன்னொருத்தருக்குக் கம்பளி அரிக்கும், பழைய நூல் புடவைதான் வேணும். சிலர் தலையோடு மூடிப் படுப்பாங்க, சிலருக்கு மூச்சு முட்டும். மருமகளுக்கு ஃபேன் ஓடணும், மாமியாருக்கு ஃபேன் சத்தம் கேட்டாலே நடுக்கம். இதில் சரி தப்பு கிடையாது. வயசானவங்களுக்கு சதை குறைஞ்சு, ரத்த ஓட்டமும் குறையுது. வேலை செய்து களைச்ச வாலிப உடம்பு தானே சூடாக இருக்கு. ஒரே அறையில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியறது இயற்கை. "எல்லாருக்கும் இல்லாத குளிர் உனக்கு மட்டுமா?"ன்னு பெரியவங்களைக் கேட்காதீங்க. ஆமாம், அவங்களுக்கு மட்டும்தான்.

ஒண்ணை மட்டும் மனசில் வெச்சுக்கணும். போர்வைக்குச் சொந்தச் சூடு கிடையாது. சூடு நம்ம உடம்பில்தான் உண்டாகுது. போர்வை அதை வெளியே விடாமல் பிடிச்சு வைக்குது, அவ்வளவுதான். அதனால், சூட்டை எங்கிருந்து கொண்டு வரலாம்னு யோசிக்கிறதை விட, இருக்கிற சூடு எந்த வழியா ஓடுதுன்னு பாருங்க. தரை, ஈரம், காத்து. நம்ம வீட்டில் மூணு வழியும் திறந்து கிடக்கு.

முதலில் தரை

பலபேர் மேலே இரண்டு போர்வை போர்த்துவாங்க, கீழே ஒரே ஒரு பாய். ராத்திரி முழுக்க முதுகுச் சூட்டைச் சிமெண்டுத் தரை குடிச்சுக்கிட்டே இருக்கும். போர்வை இரண்டு இருந்தால் ஒண்ணைக் கீழே போடுங்க, வித்தியாசம் அன்னிக்கு ராத்திரியே தெரியும். ஈரம் ஏறுகிற தரையாக இருந்தால் அடியில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் உலர்ந்த கோணி, அதுக்கு மேல் கோரைப்பாய், மேலே ஜமக்காளம் அல்லது பழைய புடவை மடிப்பு. கோணியும் கோரையும் தங்களுக்குள் காத்தைப் பிடிச்சு வைக்கும். அசையாத காத்து சூட்டை விடாது. இதே காரணத்தால்தான் ஒரு தடிமனான போர்வையை விட இரண்டு மெல்லிசுப் போர்வை நல்லது, நடுவில் ஒரு அடுக்குக் காத்து நிற்கும். நாலு பழைய நூல் புடவையை அடுக்கி, ஓரமும் நடுவும் தைத்துவிட்டால் நல்ல மெத்தை விரிப்பு. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவையில் தைக்கிற காந்தா இதுதான். இன்னைக்கு அது கடையில் நல்ல விலைக்குப் போகுது. தையல் மிஷின் வைத்திருக்கிற குழுக்கள் யோசிக்கலாம்.

காத்துக்கு வருவோம். ஃபேனை நிறுத்தினால் கொசு வரும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவோம், உள்ளே கொசுவத்திச் சுருள் ஏத்துவோம். இது நம்ம பக்கத்துக் குளிர்காலத்தின் தனிக் கதை. 2003இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம்னு கணக்குப் போட்டாங்க. இளைப்பு உள்ளவங்க இருக்கிற வீட்டில் இதைச் செய்யலாமா? கொசுவலை கட்டுங்க. கொசுவும் வராது, நேராக அடிக்கிற காத்தும் கொஞ்சம் மட்டுப்படும். ஜன்னலில் காத்து வருகிற பக்கத்தைத் துணியால் மறைத்து, எதிர்ப்பக்கம் மேலே ஒரு சந்தை மட்டும் திறந்து வையுங்க. ஷீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டு பழைய வேட்டியைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினால், குளிரும் குறையும், சொட்டும் மேலே விழாது. அடுப்பு இருக்கிற பக்கம் மட்டும் கட்டக் கூடாது.

நெருப்பை உள்ளே கொண்டு வராதீங்க

இந்தப் பக்கத்தில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். மழை நாளில் குமுட்டி அடுப்புக் கரியையோ விறகுத் தணலையோ சட்டியில் எடுத்து, படுக்கிற அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கு. "கரி நெருப்பில் புகையே இல்லையே, என்ன ஆகப் போகுது?"ன்னு நினைக்கிறோம். புகை இல்லாததுதான் ஆபத்து. காத்து போதாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடுங்கிற வாயு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. நம்ம ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின், பிராணவாயுவை விட 200 மடங்குக்கும் மேலாக இந்த வாயுவோடு ஒட்டிக்கும். மூச்சு ஓடிக்கிட்டே இருக்கும், ஆனால் உடம்புக்குப் பிராணவாயு போகாது. முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம், குமட்டல். தூக்கத்தில் இருக்கிறவங்களுக்கு இது எதுவும் தெரியாது.

2024 ஆகஸ்டு மாதம் கொடைக்கானலுக்குத் திருச்சியிலிருந்து வந்து தங்கின நண்பர்களில் இரண்டு பேர் இப்படித்தான் இறந்து போனாங்க. இறைச்சி சுட்ட கரி அடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துவிட்டுப் படுத்திருந்தாங்க. வாலிபப் பிள்ளைகள். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இதே மாதிரி செய்தி வருது, குடும்பத்தோடு.

காஷ்மீரில் மட்டும் காலங்காலமாக வெச்சுக்கிறாங்களேன்னு ஒரு கேள்வி வரலாம். அங்கே காங்கிரின்னு ஒண்ணு உண்டு. சின்ன மண்சட்டியில் தணல் போட்டு, பிரம்புக்கூடை மாதிரி பின்னலுக்குள் வைத்து, நீண்ட அங்கிக்குள் கையோடு வைத்துக்குவாங்க. பனி கொட்டுகிற நாட்டில் வேறு வழி இல்லாமல் வந்த பழக்கம். அதன் விலையும் அவங்களுக்குத் தெரியும். வருஷக் கணக்கில் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் வருகிற தோல் புற்றுநோய்க்கு மருத்துவப் புத்தகத்தில் 'காங்கிரி புற்றுநோய்'னே பெயர். 20 டிகிரிக் குளிருக்கு நாம் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

குளிர் காயணும்னா வாசலில் காயுங்க. விறகோ சருகோ போடலாம், டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். நைலக்ஸ் புடவை, பாலியெஸ்டர் சால்வையோடு நெருப்பருகே குனியாதீங்க, அது உருகித் தோலோடு ஒட்டிக்கும். காலையில் வீட்டில் இரண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலின்னு சொன்னால் சளின்னு விட்டுடாதீங்க. கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே கொண்டு வந்து, 108க்குப் போன் போடுங்க.

கரண்டு ஹீட்டர் வாங்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 1000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ராத்திரி 8 மணி நேரம்னா 8 யூனிட். 2016இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சாங்க. அது 13 நாள் கூடத் தாங்காது. நம்ம ஊருக்கு ரூம் ஹீட்டர் தேவையே இல்லைங்கிறது எங்கள் கருத்து. வெந்நீர் போடுகிற ராடு வேற விஷயம். 1500 வாட் ராடு 20 நிமிஷம் போட்டால் அரை யூனிட்தான். ஆனால் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கின பிறகுதான் தண்ணியைத் தொடணும். சூடு ஆச்சான்னு விரலை விட்டுப் பார்த்து உயிர் போனவங்க உண்டு.

படுக்கப் போகும் முன் வெந்நீரில் கால் வைத்து, நல்லாத் துடைத்து, பழைய சாக்ஸ் போட்டுப் படுத்தால் பெரியவங்களுக்குத் தூக்கம் வரும். சுகர் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஜாக்கிரதை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், கொதிக்கிற சூடு கூடத் தெரியாது. தண்ணியை வேறொருத்தர் முழங்கையில் தொட்டுப் பார்த்துக் கொடுக்கணும். சுடுதண்ணிப் பையைக் காலடியில் வைத்துத் தூங்க விடாதீங்க.

வீட்டு ஆம்பளைங்க சிலர் "ஒரு குவார்ட்டர் போட்டா குளிர் தெரியாது"ன்னு சொல்லுவாங்க. தெரியாதுங்கிறது உண்மைதான், குளிர் போகாது. சாராயம் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாயை விரிய வைக்கும். உள்ளே இருக்க வேண்டிய சூடு தோலுக்கு வந்து வெளியே போயிடும். ஈரத்தோடு படகில் இருந்து வந்தவருக்கு அது கூடுதல் கெடுதல். சுக்குக் காப்பி கொடுங்க.

பச்சைக் குழந்தை

பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. அதன் உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்கணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்க. இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் ஜில்லுனு இருந்தால் குழந்தைக்குக் குளிர் படுது, உடனே அணைத்துச் சூடாக்கணும். வயிறும் ஜில்லுனு இருந்தால் தாமதிக்காமல் மார்போடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்ட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குளிப்பாட்டின பிறகு அறையை மூடி சாம்பிராணிப் புகை காட்டுகிற வழக்கம் பற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்றோம்: அந்தப் புகை சின்ன நுரையீரலுக்கு ஆகாது. உலர்ந்த துண்டால் தலையை நல்லாத் துவட்டினாலே போதும்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அம்மாவின் மார்பு ரொம்ப நல்ல கதகதப்பு. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரேய் என்பவர் இதை ஆரம்பித்து வைத்தார். குழந்தைக்குக் குல்லாயும் சாக்ஸும் லங்கோடும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டணும். குழந்தையின் முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்கணும். இன்னைக்கு நம்ம அரசு ஆஸ்பத்திரிகளிலும் 'கங்காரு பராமரிப்பு'ன்னு இதைச் சொல்லிக் கொடுக்கிறாங்க. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

ஈரத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்றோம். நமக்குப் பெரிய குளிர் வருவது ஜனவரியில் இல்லை, புயலில். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். மிக்ஜாமில் எண்ணூர் கழிமுகத்து ஓரம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் ஏறிச்சு. பாய், போர்வை எதுவும் திரும்ப உதவலை. ஈரத் துணியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் 20 டிகிரியிலும் வயசானவங்களுக்கு உடம்புச் சூடு 35க்குக் கீழே போகலாம். பேச்சு குழறும், கேட்டதுக்கு வேற பதில் வரும். அதனால் ஐப்பசி முடியறதுக்குள் ஆளுக்கு ஒரு மாத்துத் துணி, ஒரு போர்வை, குழந்தை இருந்தால் அதுக்குக் குல்லாய் சாக்ஸ், எல்லாத்தையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, பரண் மேலேயோ மூடி உள்ள டிரம்மிலேயோ வையுங்க. வெள்ளம் வடியும் வரை அந்த மூட்டைதான் கை கொடுக்கும்.

போர்வை வாங்க: வாசலுக்குத் தவணையில் கொண்டு வருகிறவங்களிடம் வாங்கினால் வாரா வாரம் கொடுத்த பணத்தை ஒரு தடவை கூட்டிப் பாருங்க. குழுவில் உள்கடன் எடுத்து, பத்து பேருக்குச் சேர்த்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் விலை பேசலாம். தீபாவளி தள்ளுபடி நேரத்தில் கோ-ஆப்டெக்ஸில் நூல் போர்வை பார்க்கலாம்.

தை முடிந்து மடித்து வைக்கும்போது இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விட்டு, உலர்ந்த வேப்பிலை போட்டு வையுங்க. பாச்சை உருண்டை போட்டிருந்தால், அடுத்த வருஷம் எடுத்தவுடன் குழந்தைக்குச் சுற்றாதீங்க. அந்த நெடி சில பச்சைக் குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே உடைச்சு மஞ்சள் காமாலை வர வைக்கும். முதலில் துவைத்து, வெயிலில் போட்டு, நெடி போன பிறகு கொடுங்க.