வீட்டுச் சாக்கடைக் குழாய்: குத்துவதா, மாற்றுவதா?

திருவனந்தபுரம்: ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் கழிவறையில் தண்ணீர் மேலேறி நிற்கும். குளியலறையில் ஊற்றும் தண்ணீரும் இறங்காது. கோட்டைக்ககம், வலியசாலை, கரமனை பகுதிகளில் பழைய வீடுகளில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. "வீட்டுக்காரர் பார்க்கட்டும்" என்பார் குடியிருப்பவர். "கண்டதையும் போட்டு அடைத்தது நீங்கள்தானே" என்பார் வீட்டுக்காரர். கடைசியில் கூலியாள் ஒருவர் மூங்கில் பிளாச்சால் குத்திவிட்டுப் போவார். ஒரு மாதம் ஓடும். பிறகு பழைய கதைதான்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. இந்நகருக்கு அருவிக்கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1933ல். பாதாள சாக்கடை 1940களில், மன்னராட்சிக் காலத்திலேயே வந்துவிட்டது. அக்காலத்து வீடுகளில் பதித்தவை சுட்டமண் குழாய்கள். இரண்டடித் துண்டுகளைச் சேர்த்து, சணல் சுற்றி, சிமெண்ட் பூசிய இணைப்புகள். நாளடைவில் பூச்சு விரிசல் விடும். ஈரம் தேடி மரத்தின் வேர் உள்ளே நுழையும். கசிவால் அடிமண் அரித்துக் குழாய் தாழும். இதைக் கம்பால் எத்தனை முறை குத்தினாலும் தீராது.

அடைப்பு எங்கே?

ஓர் அறையில் மட்டும் நீர் நின்றால் அந்த அறையின் கிளைக் குழாயில் கோளாறு. எல்லா இடத்திலும் நின்றால் பிரதான குழாயில் கோளாறு. முற்றத்துச் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்கலாம். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பியிருந்தால் தெருப் பக்கம். தெருவிலுள்ள மேன்ஹோலே நிரம்பி வழிந்தால் அது கேரள வாட்டர் அத்தாரிட்டியின் வேலை. 1916 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

மாற்றுவதென்று முடிவானால் நான்கங்குல் பி.வி.சி. குழாய் போதும். 40 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு வேண்டும். இருபதடிக் குழாயென்றால் தெருமுனை அரை அடி தாழ்ந்திருக்க வேண்டும். அடியில் மணல் பரப்பிப் பதிக்க வேண்டும். குழாய் திரும்பும் இடத்தில் சேம்பர் கட்ட வேண்டும். மண் மூடுமுன் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்துவிட வேண்டும். கொத்தனார் அவசரப்பட்டாலும் இதை மட்டும் விடக்கூடாது. சாலையைத் தோண்ட அனுமதி அவசியம். மழைநீர்க் குழாயை இதில் இணைக்கவே கூடாது. மழைக்காலத்தில் ஊரெங்கும் மேன்ஹோல்கள் பொங்க அதுவும் ஒரு காரணம்.

ஆளை இறக்காதீர்கள்

செலவுக்குப் பயந்து சிலர் செய்வது வேறு. நூறு இருநூறு அதிகம் கொடுத்து ஆளையே குழிக்குள் இறக்கிவிடுகிறார்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் இறங்கிய இரு தொழிலாளர்கள் விஷவாயுவில் மயங்கினார்கள். காப்பாற்றப் போன ஆட்டோ டிரைவரும் சேர்ந்து இறந்தார். வாயு மட்டுமல்ல, வெள்ளமும் எமன்தான். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கியவர், இரண்டு நாள் கழித்துப் பிணமாகத்தான் கிடைத்தார்.

கோழிக்கோட்டுச் சம்பவம் மனதை உறுத்தியதால் இளம் என்ஜினீயர்கள் சிலர் 'பண்டிக்கூட்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். 2018ல் இந்நகர மேன்ஹோல்களிலேயே அது இறக்கப்பட்டது. சட்டமும் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் உட்கார்ந்து பேசி, செலவைப் பங்கிட்டுக் குழாயை மாற்றிக்கொள்வதே நல்லது. குத்துக்கூலி மாதாமாதம் போகும்; குழாய்ச் செலவு ஒரு தடவையோடு போகும். குழிக்குள் போன உயிரோ எந்தச் செலவிலும் திரும்பாது.