தட்டுகளின் தடம் – 14: முகம் காட்டாத கம்பெனி

டெட்ராய்ட் நகரத்தில் கிராண்ட் பூலவார்ட் என்று ஒரு நீண்ட சாலை. அதன் மேற்குப் பக்கம், 2648ஆம் எண் வீட்டில்தான் போன வாரம் நாம் பார்த்த மோடவுன் கம்பெனி தன் பாட்டுகளைப் பதிவு செய்தது. 1972இல் மோடவுன் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பெட்டி கட்டியது. கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிப்போனது. அதே சாலையின் கிழக்குப் பக்கம், 3000ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது இந்த வாரக் கதாநாயகன்: அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். ரசிகர்கள் யூ.ஆர். என்பார்கள். டெக்னோ இசைத்தட்டு போடும் கம்பெனி.

டெக்னோ என்றதும் காதைக் கிழிக்கும் இரைச்சல் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் நம் ஊர்க் கொடையைத்தான் நினைவுபடுத்துவேன். தாமிரபரணிக் கரையில் சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். அண்ணாவி கதை பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் சலங்கையோடு ஆட, பின்னால் இரண்டு மகுடங்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி அடிப்பார்கள். சாமக்கொடை நேரத்தில் ஒரே அடி நெடுநேரம் திரும்பத் திரும்ப வரும். நடுவில் ஒரு விரல் மாறும், ஒரு தட்டு கூடும். காது அதைக் கவனிக்கும் முன்பே கால் கவனித்துவிடும். சாமியாடிக்கு அருள் வருவது அந்தச் சின்ன மாற்றத்தில்தான். டெக்னோ வேலை செய்கிற விதமும் ஏறக்குறைய இதுதான். அங்கே மகுடத்தின் இடத்தில் ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-909 என்ற டிரம் மெஷின். 1983இல் வந்த அது கடையில் சரியாக விலைபோகவில்லை. பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்ததால்தான் டெட்ராய்ட் கறுப்பின இளைஞர்கள் கையில் சேர்ந்தது.

1980களின் கடைசியில் யூ.ஆரைத் தொடங்க இரண்டு பேர் சேர்ந்தார்கள். மைக் பேங்க்ஸ், பாட்டுக் குழுக்களில் வாசித்துத் தேர்ந்தவர். ஜெஃப் மில்ஸ், 'விஸார்ட்' என்ற பெயரில் உள்ளூர் வானொலியில் மின்னல் வேகத்தில் தட்டு மாற்றிப் பெயர் வாங்கியவர். கொஞ்ச நாளில் ராபர்ட் ஹூட் வந்து சேர்ந்தார். 1990இல் வெளியான முதல் தட்டு 'யுவர் டைம் இஸ் அப்'. ஒரு பெண் குரல் பாடுகிற, ஆடத் தோதான பாட்டு. அதை மட்டும் கேட்டவர்கள் அடுத்து வரப்போவதை ஊகித்திருக்க முடியாது. 1991இல் 'ரயட்', 'தி பனிஷர்' என்று வரிசையாக இறங்கியவை எல்லாம் கோபம். அடிக்கு மேல் அடி. மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூட இல்லாத இசை. சுவர் இடிந்து புதிதாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பெர்லினுக்கு அது பிடித்துப்போனது. ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் 1991இல் திறந்த டிரெஸர் என்ற ஆட்டக்கூடம், தன் பெயரிலேயே ஒரு இசைத்தட்டுக் கம்பெனியையும் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு, இந்த மூவரும் எக்ஸ்-101 என்ற பெயரில் செய்து கொடுத்ததுதான்.

1992இல் மில்ஸ் பிரிந்து போனார். ஹூட்டும் பிறகு தன் வழியில் போய், எலும்பு மட்டும் மிஞ்சியதுபோல் ஒரு சிக்கன இசையை 1994இல் 'மினிமல் நேஷன்' தட்டில் உண்டாக்கினார். கம்பெனி இத்தோடு சரி என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் மில்ஸ் போன மறு வருஷமே, 1993இல், பேங்க்ஸ் 'கேலக்ஸி டு கேலக்ஸி' என்ற இரட்டைத் தட்டை வெளியிட்டார். அதில் இருக்கிறது 'ஹைடெக் ஜாஸ்'.

இந்தப் பாட்டில் கொஞ்சம் நின்று போகலாம். அடி பழைய அடிதான், வேகமும் குறையவில்லை. ஆனால் அதன் மேல் கீபோர்டின் ஸ்வரங்கள் அடுக்கடுக்காக விரிகின்றன, சாக்ஸபோன் குரலில் ஒரு மெட்டு எழுந்து மேலே மேலே போகிறது. 'ரயட்'டில் கைமுஷ்டியாக இருந்தது இங்கே விரல்களாகத் திறக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனியிலிருந்து வந்தவையா என்று சந்தேகம் வரும். திரும்பிப் பார்த்தால் அதற்கு முன்பு வந்த 'நேஷன் டு நேஷன்' தட்டிலேயே இந்த ஜாஸ் விதை கிடக்கிறது. கோபம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இதுவும் கூட ஓடியிருக்கிறது. யூ.ஆர். மனம் மாறிவிட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பக்கத்தை எப்போது காட்டுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

மூன்றாவதாக ஒரு பக்கமும் உண்டு, தண்ணீருக்கடியில். ஜேம்ஸ் ஸ்டின்சனும் ஜெரால்ட் டொனால்டும் டிரெக்ஸியா என்ற பெயரில் 1993இல் 'பபிள் மெட்ரோபொலிஸ்', பிறகு 'அக்வாட்டிக் இன்வேஷன்' என்று யூ.ஆரில் தட்டு போட்டார்கள். நேர் அடி இல்லை. வெட்டி வெட்டித் துள்ளும் தாளம், கொப்பளிக்கும் சிந்தசைசர். அதற்கு அவர்கள் கட்டிய கதை நெஞ்சைப் பிசைவது. அடிமைக் கப்பல்களிலிருந்து கர்ப்பிணி ஆப்பிரிக்கப் பெண்களைக் கடலில் எறிந்தார்கள். அவர்கள் வயிற்றுப் பிள்ளைகள் நீரிலேயே சுவாசிக்கக் கற்று, ஆழத்தில் ஒரு நாட்டை அமைத்தார்கள் என்பது அது. 1997இல் வந்த 'தி குவெஸ்ட்' தொகுப்பின் உறையில் இதை எழுதிவைத்தார்கள். வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன் தெய்வமாகி எழுந்து நிற்கிற கதைகளை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1999இல் 'ஜாகுவார்' வந்தது. டெட்ராய்டின் மெக்சிக வம்சாவளி இளைஞர் டிஜே ரொலாண்டோ செய்தது. கொங்கா மேளத்தின் மேல் வயலின் கூட்டம்போல ஒரு மெட்டு மெல்ல ஏறும். ஐரோப்பாவின் ஆட்டக்கூடங்கள் எல்லாம் அதை வாரிக்கொண்டன. சோனியின் ஜெர்மன் கிளை அனுமதி வாங்காமலே அதை அச்சு அசலாக மறுபடி வாசித்து வெளியிட முனைந்தது. ரசிகர்கள் மின்னஞ்சலில் கொதித்தெழ, சோனி பின்வாங்கியது. உடனே பி.எம்.ஜி. என்ற இன்னொரு பெரிய கம்பெனி அதைக் கையிலெடுத்தது. பெரிய கம்பெனிகளை நம்ப முடியாது என்று யூ.ஆர். ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இத்தனைக்கும் பேங்க்ஸ் முகம் காட்டுவதில்லை. மேடையில் துணி கட்டி மறைத்துக்கொள்வார். படம் எடுக்க விடமாட்டார். தட்டின் உள்வளையத்தில், பாட்டு முடிந்து ஊசி சுற்றும் இடத்தில், கீறி எழுதிய ஒரு வாசகம்தான் வாங்குபவருக்குக் கிடைக்கும் கடிதம். முகம் இல்லாததால்தான் ஒலி இத்தனை முறை மாற முடிந்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு முகம் பிரபலமாகிவிட்டால் ஜனங்கள் அதே பாட்டைத்தான் திரும்பக் கேட்பார்கள்.

ஆனால் பேங்க்ஸ் முகத்தை மறைத்தது அவராக எடுத்த முடிவு. நம் அண்ணாவிகளின் பெயர் கொடை நோட்டீஸைத் தாண்டிப் போகாதது அவர்கள் முடிவல்ல, நம் அலட்சியம். ஒரு மகுடக்காரரின் கைவழி அவர் அப்பாவிடமிருந்து எப்படி மாறியது என்று வருஷ வாரியாக அடுக்கிக் கேட்க நம்மிடம் தட்டு வரிசை இல்லை. டெட்ராய்ட்காரர்களுக்கு அது இருக்கிறது. ஏனென்றால் தட்டு அடிப்பதையும் விற்பதையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். 1992இல் விற்பனைக்கென்றே சப்மெர்ஜ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்கள். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் இத்தனை கொடைகள் நடக்கிற ஆற்றங்கரையில், ஒரு பதிவுக்கருவியோடு உட்கார்ந்து, அண்ணாவியின் பெயரை அட்டையில் அச்சிட்டு, விற்ற காசை அவர் கையிலேயே கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனி வந்தால் அதன் முதல் வாடிக்கையாளர் நான்.

கேட்க ஆசைப்படுகிறவர்கள் 'ஹைடெக் ஜாஸ்'இல் தொடங்குங்கள். பிறகு 'ஜாகுவார்'. 'ரயட்' கடைசியில் இருக்கட்டும், அதற்குள் காது பழகியிருக்கும். அடுத்த வாரம் பம்பாய்க்குப் போகிறோம்: 1980களின் தொடக்கத்தில் பத்து ராகங்களை டிரம் மெஷினில் ஏற்றி எச்.எம்.வி.யில் தட்டு போட்ட சரண்ஜித் சிங்.